சிக்கானோ: வீடு மறைத்த கதையும் பிள்ளைகள் சூடிய பெயரும்

1960களின் இறுதியில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலும் டென்வரிலும் தெற்கு டெக்சாஸின் சிறு நகரங்களிலும் மெக்சிகோ வழி இளைஞர்களாக இருந்தவர்கள் முதுமையில் எழுதிய தன்வரலாறுகளிலும், பல்கலைக்கழகங்கள் பதிவுசெய்து வைத்திருக்கும் வாய்மொழி நேர்காணல்களிலும், ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒரு குடும்பச் சச்சரவு திரும்பத் திரும்ப வருகிறது. கூட்டத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பிய மகனோ மகளோ தன்னைச் 'சிக்கானோ' என்றோ 'சிக்கானா' என்றோ சொல்லிக்கொள்ள, பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். நாம் மெக்சிகோக்காரர்கள், வேண்டுமானால் மெக்சிகன் அமெரிக்கர்கள் என்று சொல்லிக்கொள், அந்தச் சொல் தெருவில் திரிகிறவர்களுக்கு உரியது, அதை இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே என்கிறார்கள். பிள்ளையோ அந்தச் சொல்லை விடுவதாக இல்லை.

இதை வெறும் தலைமுறை இடைவெளி என்று ஒதுக்கிவிட்டால், மெக்சிகோ வழி அமெரிக்கர்களின் உரிமைப் போராட்டமாக எழுந்த சிக்கானோ இயக்கத்தின் உயிர்நாடியே நம் கைக்குப் பிடிபடாமல் போய்விடும். அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினர் அனைவரும் சிக்கானோக்கள் என்று அகராதிகள் சுருக்கமாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பெயர் பிறப்போடு கூடவே வந்து ஒட்டிக்கொண்டதில்லை. பெற்றோர் பேசாமல் விட்டதையும் பள்ளி பாடமாக்காமல் விட்டதையும் தேடிப்போன பிள்ளைகள், தேடலின் முடிவில் தாமே விரும்பி எடுத்துச் சூடிக்கொண்ட பெயர் அது. அதனால்தான் அவர்களுடைய நினைவுக் குறிப்புகளில் ஊர்வலமும் கைதும் பாட்டியின் அடுப்படியும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஆய்வாளர்களிடையே பல கருத்துகள் உண்டு. பரவலாக ஏற்கப்படுவது இது: மெக்சிகோவின் தொல்குடிகளான மெஷிக்கா (அஸ்டெக்) மக்களின் பெயரிலிருந்து வந்த 'மெஷிக்கானோ' என்ற பழைய உச்சரிப்பின் முதல் அசை தேய்ந்து 'ஷிக்கானோ' ஆகி, பின்னர் 'சிக்கானோ' ஆனது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், புதிதாக எல்லை தாண்டி வந்த ஏழைக் கூலிகளைக் குறிக்க, ஏற்கெனவே வேரூன்றியிருந்த மெக்சிகோ வழியினரே இதை இளக்காரமாகப் பயன்படுத்தினார்கள். வெள்ளையர் வைத்த வசைச்சொல் இது என்று சிலர் எழுதுவது பாதி உண்மைதான். சொந்த இனத்துக்குள்ளேயே வர்க்க ஏளனம் ஏறிய சொல் அது. பெற்றோரை அது ஏன் அவ்வளவு சுட்டது என்பதற்கு இதுவே விளக்கம்: எந்தப் படியிலிருந்து ஏறி மேலே வர அவர்கள் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டார்களோ, அந்தப் படியின் பெயரைப் பிள்ளை வேண்டும் என்றே எடுத்துக்கொண்டது.

கதையின் வேர் 1848இல் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தான குவாதலூப்பே ஹிதால்கோ உடன்படிக்கையின்படி, போரில் தோற்ற மெக்சிகோ இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா ஆகியவற்றையும் அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ ஆகியவற்றின் பெரும்பகுதியையும் 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. ஏற்கெனவே பறிபோயிருந்த டெக்சாஸையும் சேர்த்தால், தன் நிலத்தில் பாதிக்கு மேல் அது இழந்தது. அங்கே வாழ்ந்த சுமார் 80,000 முதல் 1,00,000 வரையிலான மெக்சிகோ மக்கள் இருந்த இடத்தை விட்டு ஓரடிகூட நகராமல் வேறொரு நாட்டின் குடிகளானார்கள். "நாங்கள் எல்லையைக் கடக்கவில்லை, எல்லைதான் எங்களைக் கடந்தது" என்று சிக்கானோக்கள் இன்றும் சொல்வது இதைத்தான். மெக்சிகோ அரசு முன்பு வழங்கிய நில மானியங்களை மதிப்பதாக உறுதியளித்த 10ஆம் பிரிவை அமெரிக்கச் செனட் ஒப்புதலின்போது நீக்கிவிட்டது. 1851இல் கலிபோர்னியாவுக்கென வந்த நிலச் சட்டம், தன் நிலம் தன்னுடையதுதான் என்று மெய்ப்பிக்கும் சுமையை உரிமையாளர் தலையிலேயே ஏற்றியது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வென்றவர்களில் பலரும் வழக்கறிஞர் கட்டணத்துக்காக நிலத்தை விற்றார்கள்.

ஆனாலும் சிக்கானோக்களில் பெரும்பாலோரின் குடும்ப நினைவு 1848 வரை நீளுவதில்லை. நியூ மெக்சிகோவிலும் தெற்கு கொலராடோவிலும் அப்படிப்பட்ட பழங்குடும்பங்கள் உண்டு. மற்றவர்களுக்கு, 1910இல் வெடித்த மெக்சிகோ புரட்சியின் பத்தாண்டுக் கலவரத்தில் சிவாவாவிலிருந்தோ சாகட்டேகாஸிலிருந்தோ தொடர்வண்டி ஏறி வந்த பாட்டனிலிருந்துதான் கதை தொடங்குகிறது. அந்தப் பாட்டன் இருப்புப்பாதை போட்டான், சுரங்கத்தில் இறங்கினான், சர்க்கரை பீட்ரூட்டும் பருத்தியும் எலுமிச்சையும் பறித்தான். இவ்வளவும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது, பாதியில் அறுந்துபோன ஒரு துண்டு.

1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் வேலைகள் அருகியபோது, மெக்சிகோக்காரர்களை வெளியேற்றினால் 'அமெரிக்கர்களுக்கு' வேலை கிடைக்கும் என்று உள்ளூர் நிர்வாகங்களும் கூட்டாட்சி அதிகாரிகளும் முடிவுகட்டினார்கள். 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பழைய நகரச் சதுக்கமான லா பிளாசிட்டாவில், வெயில் காய்ந்துகொண்டும் நாளிதழ் படித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்த சுமார் 400 பேரைக் காவலர்கள் வாயில்களை அடைத்து உள்ளேயே நிறுத்தி, ஒவ்வொருவராகத் தாள்களைக் கேட்டார்கள். பிடிபட்டவர்கள் சிலர்தான். ஆனால் அன்று பரவிய அச்சமே நோக்கத்தை நிறைவேற்றிவிட்டது. நிவாரண உதவி நிறுத்தப்படும் என்ற மிரட்டலோடு, மாவட்ட நிர்வாகமே கட்டணம் செலுத்திய தொடர்வண்டிகளில் குடும்பம் குடும்பமாக ஏற்றி அனுப்பினார்கள். பத்தாண்டுகளில் போனவர்களின் தொகை குறித்து வரலாற்றாசிரியர்களின் கணக்கு சில லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை வேறுபடுகிறது. அவர்களில் கணிசமானோர், குறிப்பாகக் குழந்தைகள், அமெரிக்காவிலேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை.

போனவர்களில் பலர் பிறகு திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. தவறு ஏதும் செய்யாதவர்களுக்கு ஏன் அந்த வெட்கம் என்று கேட்கத் தோன்றும். துரத்தப்பட்டவன் எதையோ செய்திருப்பான் என்ற ஊரின் பார்வையையும், மீண்டும் ஒருநாள் கதவு தட்டப்படலாம் என்ற பயத்தையும் ஒருசேரச் சுமந்தவர்களுக்கு, வாய்மூடி இருப்பதே பிள்ளைகளுக்குச் செய்யும் காவலாகத் தோன்றியது. ஸ்பானிய மொழியை அடுக்களைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே ஆங்கிலம் பேசச் சொன்னது, மரியா மேரி ஆனதையும் ஹுவான் ஜான் ஆனதையும் மறுக்காமல் ஏற்றது, இரண்டு மொழியிலும் தடுமாறும் பேரனைப் பார்த்து 'போச்சோ', அதாவது மெக்சிகோத் தன்மை தொலைத்தவன், என்று உறவினர் கேலி செய்தபோது தலைகுனிந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் காவல் உணர்வு இருந்தது. இதைப் பெற்றோரின் கோழைத்தனம் என்று இளமையில் நினைத்தவர்கள், முதுமையில் எழுதும்போது அந்தத் தீர்ப்பைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்வதைப் பல குறிப்புகளில் பார்க்கிறேன்.

பெற்றோர் தலைமுறை போராடவே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. 1943இல் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் ஓர் அத்தை, தன் பிள்ளைகளையும் சகோதரர் கொன்சாலோ மெண்டஸின் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு பள்ளியில் சேர்க்கப் போனார். நிறம் சற்று வெளுப்பாகவும் விதாவுரி என்ற, பிரெஞ்சு போல ஒலிக்கும் குடும்பப் பெயரோடும் இருந்த அவருடைய பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. கறுப்பாக இருந்த மெண்டஸ் பிள்ளைகளை மெக்சிகோக்காரர்களுக்கான தனிப் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அத்தை எல்லாரையும் வீட்டுக்கே திருப்பி அழைத்து வந்துவிட்டார். கொன்சாலோவும் அவர் மனைவி பெலிசிட்டாஸும் மேலும் நான்கு குடும்பங்களும் தொடுத்த வழக்கில் 1946இல் வெற்றி கிடைத்தது. 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா தன் சட்டப் புத்தகத்தில் எஞ்சியிருந்த பள்ளிப் பாகுபாட்டுப் பிரிவுகளை நீக்கியது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று கறுப்பின மக்கள் பெற்ற புகழ்பெற்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் முந்தியது இது. இத்தனை பெரிய வெற்றியை ஈட்டிய வீட்டிலும் அந்தப் பேச்சு நிலைக்கவில்லை. பின்னாளில் பிறந்த கடைசி மகளுக்கு, கல்லூரியில் சிக்கானோ ஆய்வு வகுப்புக்காக ஒரு நூலைப் படித்தபோதுதான் தன் தாய் தந்தையின் வழக்கே தெரியவந்தது. இந்த ஒரு செய்தியில் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

அந்தத் தலைமுறையின் போராட்டத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. 1929இல் டெக்சாஸில் தோன்றிய லூலக் என்ற மெக்சிகோ வழியினரின் உரிமை அமைப்பு அமெரிக்கக் குடிமக்களை மட்டும் உறுப்பினராக்கி, ஆங்கிலத்தைத் தன் அலுவல்மொழியாக ஏற்றது. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மெக்சிகன்' என்று தனி இனப்பிரிவு வைக்கப்பட்டபோது, தாங்கள் வெள்ளையரே என்று வாதாடி அடுத்த கணக்கெடுப்பில் அதை நீக்கச் செய்தார்கள். வெள்ளையர் என்ற வேலிக்குள் நுழைந்தால்தான் உரிமை கிடைக்கும் என்றிருந்த நாட்டில் அது புரிந்துகொள்ளக்கூடிய உத்திதான். ஆனால் அந்த வேலியைக் கறுப்பின இளைஞர்கள் வெளியிலிருந்தே இடித்துக்கொண்டிருந்த 1960களில், வெள்ளையராகத் தோன்ற முயல்வதில் இனி என்ன மதிப்பு இருக்கிறது என்று மெக்சிகோ வழி இளைஞர்களும் கேட்கத் தொடங்கினார்கள். பத்திரிகையாளர் ரூபன் சலசார் 1970 பிப்ரவரியில் எழுதிய பத்தியில், தன்னை ஆங்கிலோ, அதாவது ஆங்கிலம் பேசும் வெள்ளையர், அச்சில் வார்த்துப் பார்க்காத மெக்சிகன் அமெரிக்கரே சிக்கானோ என்று கூறியது இந்தத் திருப்பத்தைத்தான். அதைவிடச் செறிவான வரையறையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நகரத்து இளைஞர்களுக்கு முதல் பொறி வயல்களிலிருந்து வந்தது. 1965 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள். எட்டு நாள் கழித்து, மெக்சிகோவின் விடுதலை நாளான செப்டம்பர் 16 அன்று, சேசர் சாவேஸும் டொலோரஸ் உவெர்த்தாவும் நடத்திய பண்ணைத் தொழிலாளர் சங்கம் அவர்களோடு சேர்ந்தது. 1966 வசந்தத்தில் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு 300 மைலுக்கு மேல் நடந்த ஊர்வலத்தின் முன்னே மெக்சிகோ மக்கள் வணங்கும் மரியன்னையான குவாதலூப்பே அன்னையின் படம் சென்றது. காந்தியை ஆழ்ந்து படித்திருந்த சாவேஸ் 1968 தொடக்கத்தில் 25 நாள் உண்ணாநோன்பு இருந்தார். கறுப்புக் கழுகு பொறித்த சங்கத்தின் சிவப்புக் கொடியும், கூடவே பாட்டி வீட்டுச் சுவரில் தொங்கும் அதே அன்னையின் படமும் ஒரே ஊர்வலத்தில் வருவதைத் தொலைக்காட்சியில் கண்ட பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள் பதுக்கிவைத்தது தெருவில் தலைநிமிர்ந்து நடக்கக் கூடியது என்று முதன்முறையாகப் புரிந்தது.

அந்தப் பிள்ளைகள் படித்த பள்ளிகளைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வழியினர். ஆசிரியர்களில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சேர்ந்தவர்களில் பாதிக்கு நெருக்கமானோர் முடிக்காமலே வெளியேறினார்கள். ஸ்பானிய மொழியில் பேசிய குழந்தைக்குப் பலகையால் அடி விழுந்தது. மதிய உணவு நேரத்தில் கழிப்பறைகளைப் பூட்டி வைத்தார்கள். தண்டனையாக மாணவர்களையே வளாகத்தைத் துப்புரவு செய்ய விட்டார்கள். கணக்கில் கெட்டிக்காரியான பெண்ணிடம் தட்டச்சும் தையலும் போதும் என்றும், கல்லூரிக்குப் போக விரும்பிய பையனிடம் வாகனப் பழுதுபார்ப்பு கற்றுக்கொள் என்றும் வழிகாட்டி ஆலோசகர்கள் சொன்னார்கள். வரலாற்றுப் பாடநூலில் 1836இல் டெக்சாஸின் அலமோ கோட்டையைத் தாக்கியவர்களாக மட்டுமே மெக்சிகோக்காரர்கள் தலைகாட்டினார்கள்.

லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்த சால் காஸ்ட்ரோ இவற்றை மாணவர்களோடு வெளிப்படையாகப் பேசிய ஆசிரியர். அவருடைய குடும்பக் கதையை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது. காஸ்ட்ரோ 1933இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அவருடைய தந்தை அந்த 1930களின் வெளியேற்றத்தில் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டவர். சிறுவன் காஸ்ட்ரோ மெக்சிகோவின் மசத்லானில் சிறிது காலம் படித்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பியபோது, ஆங்கிலம் தெரியாத காரணத்தால் வகுப்பின் மூலையில் உட்காரவைக்கப்பட்டான். மூலையில் உட்கார்ந்த சிறுவன் வளர்ந்து அதே நகரில் ஆசிரியனாகி, தன் மாணவர்களை மூலையிலிருந்து எழச் சொன்னான் என்பதே 1968இன் சுருக்கம்.

முன்னேற்பாடு பல மாதம் நடந்தது. மலிபுவில் ஹெஸ் கிராமர் முகாமில் நடந்த இளைஞர் தலைமைப் பயிற்சிகளில் வெவ்வேறு பள்ளி மாணவர்கள் சந்தித்து, தத்தம் பள்ளியின் குறைகள் எல்லாப் பள்ளிக்கும் பொதுவானவை என்று கண்டுகொண்டார்கள். டேவிட் சாஞ்சஸ் முதலான இளைஞர்கள் நடத்திய லா பிரான்யா என்ற காப்பிக்கடை கூடிப் பேச இடம் தந்தது. பழுப்புத் தொப்பி அணிந்த 'பிரவுன் பெரே' அமைப்பு உருவானதும் அந்தக் கடையைச் சுற்றித்தான். மாணவர்கள் சக மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் குறைகளைத் திரட்டினார்கள். இருமொழிக் கல்வி, மெக்சிகன் அமெரிக்க வரலாறு, தங்கள் இனத்து ஆசிரியர்களும் நிர்வாகிகளும், அடி தண்டனைக்கு முடிவு, பூட்டப்படாத கழிப்பறை என முப்பதுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் பட்டியலாயின. பெரும் தத்துவமும் பூட்டிய கதவும் ஒரே தாளில் இடம்பெற்றதை எண்ணும்போது அந்தப் பிள்ளைகளின் மீது தனி மதிப்பு வருகிறது. எது முக்கியம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

திட்டமிட்ட நாளுக்கு முன்பே தீ பற்றிக்கொண்டது. 1968 மார்ச் 1 அன்று வில்சன் பள்ளியில், மாணவர்கள் ஒத்திகை பார்த்துவந்த ஒரு நாடகத்தைத் தலைமையாசிரியர் ரத்து செய்ய, சில நூறு பேர் வெளியே வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன், பெல்மாண்ட் என்று அலை பரவியது. வராந்தாவில் ஒருவர் "வெளியே வாருங்கள்" என்று குரல்கொடுத்துக்கொண்டே ஓட, வகுப்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்ததைப் பங்கேற்ற பலரும் நினைவுகூர்கிறார்கள். கதவருகே நின்று ஆசிரியரை ஒரு கணம் திரும்பிப் பார்த்ததும், வெளியே காவலரின் தடியடியும், கம்பி வேலிக்கு அப்பால் நின்ற தாயின் முகமும் அவர்கள் நினைவில் அழியாதிருக்கின்றன. அந்த மாதத்தில் பல்லாயிரம் மாணவர்கள் வெளிநடப்பில் கலந்துகொண்டார்கள். சாவேஸின் நோன்பு முடிவுக்காக டெலானோ வந்த செனட்டர் ராபர்ட் கென்னடி அதே பயணத்தில் மாணவப் பிரதிநிதிகளைச் சந்தித்துப் பேசினார்.

மே 31 அன்று காஸ்ட்ரோ உட்பட 13 பேரைச் சதிக்குற்றம் சாட்டிக் கைதுசெய்தார்கள். பள்ளியின் அமைதியைக் குலைப்பது சிறு குற்றம். அதற்காகச் 'சதி' செய்தார்கள் என்று எழுதினால் பெருங்குற்றமாகிவிடும் என்பதே அரசுத் தரப்பின் சட்டத் தந்திரம். காஸ்ட்ரோவின் வேலையும் பறிபோனது. இதன்பின் நடந்ததுதான் நான் முன்பு சொன்ன குடும்பச் சச்சரவின் மறுபக்கம். அதுவரை தயங்கி நின்ற பெற்றோர் பலர் இப்போது கல்வி வாரியக் கூட்டங்களுக்கு வந்தார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் ஸ்பானிய மொழியிலேயே பேசினார்கள். காஸ்ட்ரோவை மீண்டும் சேர்க்கக் கோரி வாரிய அலுவலகத்திலேயே பகலும் இரவும் அமர்ந்த சுமார் ஒரு வார உள்ளிருப்புப் போராட்டத்தின் முடிவில் அவர் வகுப்பறைக்குத் திரும்பினார். வழக்குகளை 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேச்சுரிமையின் அடிப்படையில் தள்ளுபடி செய்தது.

டெக்சாஸின் கிறிஸ்டல் சிட்டியில் 1969 டிசம்பரில் நடந்த வெளிநடப்பும் பள்ளியில் தொடங்கியதுதான். மெக்சிகோ வழியினரே பெரும்பான்மையாக இருந்த அந்தப் பள்ளியில், விளையாட்டுக் குழுவை உற்சாகப்படுத்தும் பெண்கள் நால்வரில் ஒருவருக்கு மேல் மெக்சிகோ வழிப் பெண்ணாக இருக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியும் அந்தப் பிரச்சினை, சில மாதங்களில் ராசா உனிதா என்ற அரசியல் கட்சியாக வளர்ந்து, 1970 வசந்தத்தில் அவ்வூர்க் கல்வி வாரியத்தையே கைப்பற்றியது.

இதற்கிடையில் இயக்கத்துக்கு ஒரு தொன்மமும் தேவைப்பட்டது. முன்னாள் குத்துச்சண்டை வீரரும் கவிஞருமான ரொடோல்போ 'கோர்க்கி' கொன்சாலஸ் டென்வரில் 1969 மார்ச் மாதம் கூட்டிய இளைஞர் மாநாட்டில், அஸ்டெக்குகளின் புராணத் தாயகமான 'ஆஸ்ட்லான்' அமெரிக்கத் தென்மேற்கு நிலமே என்று அறிவிக்கும் ஆவணம் ஏற்கப்பட்டது. கவிஞர் அலூரிஸ்டா அதன் முன்னுரையை எழுதினார். அடுத்த மாதம் சாந்தா பார்பராவில் கூடிய மாணவர்களும் பேராசிரியர்களும் சிக்கானோ ஆய்வுத் துறைகளுக்கான திட்டத்தை வகுத்து, மாணவர் அமைப்புகளை மெச்சா என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். வந்தேறி என்று தினமும் கேட்டு வளர்ந்தவனுக்கு, இது உன் மூதாதையர் மண் என்ற சொல் எவ்வளவு பெரிய மருந்தாக இருந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம். ஆனால் அதே மண்ணில் புவேப்லோ, நவஹோ முதலான பழங்குடிகள் அதற்கும் முன்பிருந்தே வாழ்ந்து வருகிறார்கள். ஆஸ்ட்லான் என்ற கனவில் அவர்களுக்கு என்ன இடம் என்ற கேள்வியை அன்றைய ஆவணம் எழுப்பவில்லை. பிற்காலச் சிக்கானோ அறிஞர்களே அதை எழுப்பினார்கள், சரியாகவே எழுப்பினார்கள்.

பெண்களின் கேள்வி இன்னும் விரைவில் வந்தது. டென்வர் மாநாட்டின் பெண்கள் அமர்விலிருந்து வந்த அறிக்கை, சிக்கானா பெண் விடுதலையை விரும்பவில்லை என்று ஒரே வரியில் முடிந்தது. கூட்டங்களில் தட்டச்சு செய்து, உணவு சமைத்து, கைதானவர்களுக்குப் பிணை தேடி அலைந்த பெண்களில் பலருக்கு அந்த வரி முள்ளாகக் குத்தியது. லாங் பீச்சில் படித்த அன்னா நியேட்டோகோமஸும் தோழியரும் 1971இல், கடைசி அஸ்டெக் பேரரசர் குவாதெமோக்கின் பெயரால், 'குவாதெமோக்கின் மகள்கள்' என்ற இதழ் தொடங்கினார்கள். மெக்சிகோ புரட்சிக் காலத்தில் சர்வாதிகாரி போர்பிரியோ தியாஸை எதிர்த்த பெண்கள் சங்கம் ஒன்றின் பெயர் அது. பெண்ணுரிமை வெள்ளைக்காரிகளின் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதது என்று ஆண் தோழர்கள் சொன்னபோது, மரபையே ஆதாரமாகக் காட்டி விடை சொல்ல அந்தப் பெயர் உதவியது. அதே ஆண்டு மே மாதம் ஹூஸ்டனில் 600க்கு மேற்பட்ட பெண்கள் கூடிய மாநாடு கருத்து வேறுபாட்டால் இரண்டாகப் பிரிந்தாலும், கருத்தடை, குழந்தைப் பராமரிப்பு, திருச்சபையின் பிடி ஆகியவை அங்கே வாய்விட்டுப் பேசப்பட்டன. பாட்டியின் வாழ்வைப் புகழ்பாடுவதோடு நில்லாமல், அவளுக்கு மறுக்கப்பட்டவை எவை என்றும் கேட்ட முதல் குரல்கள் சிக்கானாக்களுடையவை. குடும்ப மரபு என்ற பேச்சுக்கே அவர்கள்தான் நேர்மையைக் கொண்டுவந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இயக்கத்தின் மிகப் பெரிய நாளும் மிகத் துயரமான நாளும் ஒன்றே. வியட்நாமில் இறந்த தென்மேற்கு மாநில வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஸ்பானியக் குடும்பப் பெயர் கொண்டவர் என்றும், மக்கள்தொகையில் அவர்களின் பங்கு அதைவிட மிகக் குறைவு என்றும் அறிஞர் ரால்ப் குஸ்மான் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். பல வீடுகளில் அன்னையின் படத்துக்குப் பக்கத்தில் சீருடை அணிந்த மகனின் படம் இருந்தது. பட்டாளத்துக்குப் போவதே நாட்டுப்பற்றுக்குச் சான்று என்று நம்பி, இரண்டாம் உலகப் போரில் பதக்கம் பெற்று வந்த தந்தையிடம், இந்தப் போர் தவறு என்று சொல்வது எளிதான காரியமில்லை. 1970 ஆகஸ்ட் 29 அன்று சுமார் 20,000 முதல் 30,000 பேர் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் விட்டியர் சாலை வழியாக லகூனா பூங்காவுக்கு நடந்தார்கள். கைக்குழந்தைகளோடு தாய்மார், தாத்தா பாட்டி, திருமணம் முடித்த கையோடு வந்த மணமக்கள் என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். புல்வெளியில் அமர்ந்து நாட்டுப்புற நடனம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மீது, அருகிலிருந்த மதுக்கடையில் நடந்த சிறு சலசலப்பைக் காரணம் காட்டி, ஷெரிப் படையினர் தடியும் கண்ணீர்ப்புகையுமாகப் பாய்ந்தார்கள்.

அன்று மாலை, சில்வர் டாலர் என்ற மதுக்கடையில் சற்று இளைப்பாற உட்கார்ந்த ரூபன் சலசாரின் தலையில், திரை தொங்கிய வாசல் வழியாகப் படையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்து அவர் அங்கேயே இறந்தார். அவருக்கு வயது 42. ஹுவாரஸில் பிறந்து எல் பாசோவில் வளர்ந்து, நகரின் பெரிய ஆங்கில நாளிதழில் பத்தி எழுதியபடி ஸ்பானியத் தொலைக்காட்சி நிலையத்தின் செய்தி இயக்குநராகவும் இருந்த அவர், இரண்டு உலகங்களுக்கும் மொழிபெயர்ப்பாளராக விளங்கியவர். அந்நாள் நிகழ்வுகளில் மேலும் இருவர் உயிரிழந்தார்கள். விசாரணை நடந்தது, ஆனால் சலசாரின் சாவுக்காக யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. லகூனா பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பத்தாண்டுகளுக்குள் இயக்கத்தின் அமைப்புகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. காவல்துறையின் ஊடுருவல், உட்பூசல், தலைவர்களின் தன்முனைப்பு எல்லாம் அதற்குக் காரணம். 1980 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் அனைவரிடமும் கேட்கப்பட்ட 'ஹிஸ்பானிக்' என்ற பொதுப்பெயர், அரசு அலுவலகத்தின் வசதிக்காகக் கியூபரையும் புவேர்ட்டோ ரிக்கரையும் சிக்கானோவையும் ஒரே பெட்டியில் அடைத்தது. ஆனால் மாணவர்களின் கோரிக்கைத் தாளில் இருந்த அந்த ஒரு வரி, எங்கள் வரலாற்றை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்பது, தேயவில்லை. 1993இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிக்கானோ ஆய்வுக்குத் தனித் துறை கேட்டு மாணவர்கள் 14 நாள் உண்ணாநோன்பு இருந்தார்கள். அரிசோனாவின் டூசான் நகரப் பள்ளிகளில் நடந்துவந்த மெக்சிகன் அமெரிக்க ஆய்வு வகுப்புகளைத் தடுக்க 2010இல் மாநிலம் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டம் இனப்பகைமையால் உந்தப்பட்டது என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் 2017இல் தீர்ப்பளித்தார்.

1930களின் வெளியேற்றத்துக்குக் கலிபோர்னியா 2005இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. அப்போதும் அது பாடநூலில் ஏறவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த பெல் கார்டன்ஸ் நகரில் ஆரம்பப் பள்ளி மாணவர்கள் சிலர், தங்கள் வகுப்பில் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, இது ஏன் எங்கள் புத்தகத்தில் இல்லை என்று கேட்டார்கள். தங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் கோரிக்கை வைத்தார்கள். குடிமக்களும் சட்டப்படி வாழ்ந்தவர்களும் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கும் சட்டம் 2015 அக்டோபரில் கையெழுத்தானது. லா பிளாசிட்டாவின் வாயில்கள் அடைக்கப்பட்டு அப்போது 84 ஆண்டுகள் கடந்திருந்தன. அதைக் கேட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு வயது பத்து, பதினொன்று.